சூசை வாய் திறந்து சொன்னானா?

போன மாதம், நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மின்சார அலுவலகத்தில் பாதுகாப்பு வகுப்பு ஒன்று வைத்தார்கள். புதிதாக வந்திருக்கும் இளம் பொறியாளர் வீட்டுக்கே வந்து, "ஐயா, பழைய ஆளு நீங்க, வந்து பயலுகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டார். போனேன். கம்பியில் கை வைக்கும் முன், 'இந்த லைனில் மின்சாரம் இல்லை, ஏறலாம்' என்று துணை மின்நிலையம் தரும் அனுமதிக்கு லைன் கிளியர் என்று பெயர். எங்கள் காலத்தில் அதைத் தாளில் எழுதி, நேரம் போட்டு, கையெழுத்து வாங்குவோம். இப்போது கைப்பேசியில் செய்தியாக வந்துவிடுகிறது. திரையைப் பார்த்துவிட்டு ஏறிவிடுகிறார்கள். யாரையும் நம்பாதீர்கள், எதையும் நம்பாதீர்கள் என்று ஒரு மணி நேரம் சத்தம் போட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

கடைசியில் ஒரு வயர்மேன் எழுந்து, "சார், உங்க சர்வீசுல ஆக்சிடென்ட் எதாவது உண்டா?" என்று கேட்டான்.

"என் சர்வீஸ் புத்தகத்தில் ஒன்றும் கிடையாது" என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

நான் சொன்னது உண்மைதான். புத்தகத்தில் ஒன்றும் கிடையாது. ஆனால் அவன் புத்தகத்தைப் பற்றிக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கைதட்டல் காதில் கிடந்து குடைந்தது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஹெல்பராகச் சேர்ந்து, குழி தோண்டி, கம்பம் சுமந்து, தென்னை ஓலை வெட்டி, வயர்மேன், லைன்மேன், ஃபோர்மேன் என்று ஏறிவர எனக்கு இருபத்திரண்டு வருடம் ஆனது. அந்த வருடங்களில் நான் வேலை கற்றேன், ஆனால் பயப்படக் கற்கவில்லை. அது 2004இல் பொன்னப்பன் எங்களுக்கு லைன் இன்ஸ்பெக்டராக வந்த பிறகுதான் நடந்தது. இரணியலுக்கும் கடலுக்கும் நடுவே எங்கள் பகுதி. லைன் எல்லாம் தென்னந்தோப்புக்குள்ளும் குளத்தங்கரையிலும் போகும். காற்றடித்தால் ஓலை விழும், மடல் விழும், சில நேரம் மரமே விழும். கடல் உப்பு வேறு கம்பியைத் தாங்கும் பீங்கானைத் தின்னும். வருடத்தில் பாதி நாள் நாங்கள் கம்பத்தின் மேல்தான் இருப்போம்.

பொன்னப்பன் அய்யாவழிக்காரர். நெற்றியில் வெள்ளை நாமம், தலையில் எப்போதும் துண்டுக் கட்டு. அவர்கள் வழிபடும் ஊர்த் தாங்கலில் ஏடு வாசிக்கிறவர். குரல் மெல்லியது, ஆனால் அவரைப் போல ஒரு சந்தேகப் பிராணியை நான் பார்த்ததில்லை. டீக்கடையில் சர்க்கரை போட்டாச்சு என்று சொன்னாலும் கலக்கி, ஒரு வாய் குடித்துப் பார்த்துத்தான் தலையை ஆட்டுவார். ஒரு தடவை பொறியாளரே வந்து, "லைன் ஆஃப் பண்ணியாச்சு, ஏறச் சொல்லுங்க" என்றார்.

"சார் கண்டீங்களா?"

"ஆபரேட்டர் சொன்னாரு."

"அவரு கண்டாரா?"

பொறியாளருக்கு முகம் சிவந்துவிட்டது. பொன்னப்பன் கோபப்படவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஸ்விட்ச் கம்பம் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

அவருடைய முறை இப்படி. கிளை லைன் பிரிகிற இடத்தில் ஒரு கம்பத்தில் ஸ்விட்ச் இருக்கும். உச்சியில் மூன்று கத்திகள், கீழே இழுக்க ஒரு கைப்பிடி. இழுத்துவிட்டு அண்ணாந்து நின்று மூன்று கத்தியும் தனித்தனியாக விலகியிருக்கிறதா என்று பார்ப்பார். மூன்றையும் விரல் விட்டு எண்ணுவார். கைப்பிடியைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொள்வார். அதற்குப் பிறகு நாங்கள் வேலை செய்யும் இடத்துக்கு இரண்டு பக்கமும் கம்பியைத் தடியால் தொட்டுத் தரையோடு பிணைக்க வேண்டும். அதற்கு எர்த் போடுவது என்று சொல்வோம். எர்த் போட்ட பிறகுதான் ஒருவன் ஏறலாம்.

இறங்கும்போது இன்னும் கடுமை. லைனைத் திரும்பக் கொடுக்கும் முன் எல்லா ஆளும் தரையில் நிற்க வேண்டும். ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். அந்தந்த ஆள்தான் தன் வாயால் "எறங்கியாச்சு" என்று சொல்ல வேண்டும். ஒருநாள் ஒருத்தன் மூத்திரம் பெய்யப் போய்விட்டான், பக்கத்தில் நின்றவன் அவனுக்காகச் சொல்லிவிட்டான். பொன்னப்பன் அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அவன் வரட்டும். ஒருத்தனுக்காவ இன்னொருத்தன் சொல்லப்பிடாது, கேட்டியா மக்கா. செத்தா அவனுக்காவ நீ சாவியா?"

இதைக் கேட்டுக் கேட்டு எங்களுக்கு மனப்பாடம். அவர் இல்லாத நேரம் அவரைப் போலப் பேசிச் சிரிப்போம். நான்தான் அதில் கெட்டிக்காரன்.

2006 ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. மூன்றாம் நாள் மதியம் மழை நின்று, காற்று மட்டும் வீசிக்கொண்டிருந்தது. ஒரு தென்னை சாய்ந்து எங்கள் கிளை லைனில் இரண்டு இடத்தில் கம்பி அறுந்திருந்தது. அன்று சாயங்காலம் எங்கள் கிறிஸ்தவ சபையில் கன்வென்ஷன் என்னும் நற்செய்திக் கூட்டத்தின் கடைசி நாள். நான் சபையில் கமிட்டி உறுப்பினர். வெளியூரிலிருந்து பிரசங்கியார் வந்திருக்கிறார், பந்தல் போட்டிருக்கிறது, வாடகைக்கு எடுத்த ஜெனரேட்டர் மழையில் நனைந்து கெட்டுக் கிடக்கிறது, எங்கள் தெருவுக்கு மின்சாரம் போவது இதே கிளை லைனில். போதகர் இரண்டு தடவை கைப்பேசியில் கூப்பிட்டார். "தங்கராஜ், ஆறு மணிக்குள்ள வருமா? ஜனங்க வந்துட்டாங்க" என்றார். வரும் ஐயா என்று சொல்லிவிட்டேன். அந்த வாக்கு என் தலைக்கு ஏறிவிட்டது.

பொன்னப்பன் ஸ்விட்ச் கம்பத்தடியில் நின்றார். அரை கிலோமீட்டர் தள்ளி, குளத்துக்கு இந்தப் பக்கம் என்னுடைய ஆட்கள். குளத்துக்கு அந்தப் பக்கம் தோப்புக்குள் வயர்மேன் சூசை, அவனோடு ஒப்பந்த ஆள் ஒருவன். சூசை முட்டம் பக்கத்துக் கடற்கரைக்காரன். அப்பன் அண்ணன் எல்லாம் கடலுக்குப் போகிறவர்கள், இவன் ஒருத்தன்தான் அரசாங்க வேலைக்கு வந்தவன். அணிலைப் போல ஏறுவான். ஐந்தரை மணி வாக்கில் ஒப்பந்த ஆள் கரை வழியே ஓடிவந்தான்.

"ஃபோர்மேன் அண்ணே, அங்க முடிஞ்சு. எர்த்தயும் கழட்டியாச்சு."

"சூசை?"

"எறங்கியாச்சு அண்ணே. தோப்புக்குள்ள நிக்கான்."

அவன் பொய் சொல்லவில்லை. சூசை இறங்கித்தான் இருந்தான். ஆனால் இவன் இந்தப் பக்கம் ஓடிவந்த நேரத்தில், கட்டிய கட்டு ஒன்று தளர்ந்திருப்பதாகச் சூசைக்குத் தோன்றியிருக்கிறது. ஒரு முறுக்கு முறுக்கிவிட்டு வந்துவிடலாம் என்று திரும்ப ஏறிவிட்டான். குளத்தைச் சுற்றிப் போய் அவனைப் பார்த்து வர எனக்குப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். நான் போகவில்லை. எங்கள் பக்கத்து எர்த்தைக் கழற்றச் சொல்லிவிட்டுப் பொன்னப்பனைக் கைப்பேசியில் கூப்பிட்டேன்.

"எல்லாரும் எறங்கியாச்சா?"

"எறங்கியாச்சு அண்ணாச்சி."

"சூசை வாய் தொறந்து சொன்னானா?"

"சொன்னான்" என்றேன்.

இந்த ஒரு சொல்லைத்தான் நான் இத்தனை வருடம் சுமந்தேன். மறதி இல்லை, கவனக்குறைவு இல்லை. அவர் கேட்டார், நான் பொய் சொன்னேன். நான்கு நிமிடத்தில் தோப்புக்குள்ளிருந்து சத்தம் கேட்டது.

சூசை பிழைத்தான். சேற்றில் விழுந்ததால் முதுகெலும்பு தப்பியது. இடது கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பொன்னப்பன் துண்டு அவிழ்ந்து விழ ஓடிவந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. சூசையைத் தூக்கி ஜீப்பில் ஏற்றியதும் என்னை ஒரு பார்வை பார்த்தார். எதற்கும் நான்கு கேள்வி கேட்கிற மனிதர் அன்றைக்கு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அடித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

விசாரணைக்கு வெளியூர் அதிகாரி ஒருவர் வந்தார். பொன்னப்பனை முதலில் கூப்பிட்டார்கள். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். உண்மையைச் சொல்லிவிடுவதென்றுதான் போயிருந்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் அப்போது எனக்கு ஓய்வு பெற ஏழு வருடம் கிடந்தது, வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள், நான் எதையும் தீர்மானிக்கவில்லை. அரை மணி கழித்து அவர் வெளியே வந்தார். துண்டைச் சரியாகக் கட்டிக்கொண்டே சொன்னார்:

"கேக்காம சாத்திட்டேன்னு எழுதிக் குடுத்தாச்சு. நீ அதத் தொடாத."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. ஆள் இறங்கிவிட்டானா என்று கேட்காமலே ஸ்விட்சைப் போட்டது தன் தவறு என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். யார் எதை மறந்தாலும் அவர் மறக்காத ஒரே காரியத்தை மறந்ததாக எழுதியிருக்கிறார். உள்ளே போனேன். "லைன் இன்ஸ்பெக்டர் உங்ககிட்ட கேட்டாரா?" என்றார் அதிகாரி. "கேட்கவில்லை" என்றேன். அது இரண்டாவது பொய்.

பொன்னப்பனைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். பத்து மாதத்தில் ஓய்வு பெற வேண்டியவர். அந்த நாள் வந்தபோது மாலையும் இல்லை, பிரிவு உபசாரமும் இல்லை. வழக்கு முடிய இன்னும் இரண்டு வருடம் இழுத்தது. அதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. சூசையின் அம்மா நான்கு பெண்களோடு பொன்னப்பன் வீட்டு முற்றத்துக்கு வந்து, தலைமுடியை அவிழ்த்துவிட்டு, மண்ணை வாரித் தூற்றினாள். "எனக்க பிள்ளைக்க கைய தின்ன நீ வெளங்குவியாலே" என்று கத்தினாள். அவர் வாசலில் நின்று தலையில் விழுந்த மண்ணைத் தட்டிவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். வேலிக்கு வெளியே நானும் நின்றேன். நிற்க மட்டும்தான் செய்தேன். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

நன்றி வந்திருக்க வேண்டும் அல்லவா? எனக்குச் சந்தேகம்தான் வந்தது. இந்த மனிதர் என்ன எதிர்பார்த்து இதைச் செய்தார்? என்னைக் கைக்குள் வைத்துக்கொள்ளவா? என்றைக்காவது ஒருநாள் வந்து, எனக்காக இதைச் செய் என்று ஒன்றைக் கேட்பார் என்று காத்திருந்தேன். என் மனைவி எஸ்தரிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். "சும்மா ஆரும் செய்யமாட்டாவ. என்னமோ இருக்கு" என்றாள் அவளும். அவர் மகன் எங்கள் தெரு வழியே பைக்கில் போனால் எதற்குப் போகிறான் என்று பார்ப்பேன். ஒரு கட்டத்தில், அன்றைக்கு அவர் உண்மையிலேயே கேட்காமல் இருந்திருப்பாரோ, நான்தான் தப்பாக நினைவு வைத்திருக்கிறேனோ என்றுகூட யோசித்தேன். அப்படி இருந்துவிட்டால் நல்லது என்று தோன்றியது. சந்தேகம் அவ்வளவு தூரம் கொண்டுபோகும்.

அவர் ஒன்றும் கேட்கவில்லை. அதனால் நானே கொடுக்கத் தொடங்கினேன். மட்டிப்பழக் குலை, முதல் பலாப்பழம், நல்ல மரச்சீனிக் கிழங்கு. வீட்டு வயரிங்கை மாற்றித் தருகிறேன் என்று ஏணியோடு போய் நின்றேன். ஒவ்வொரு தடவையும் அவர் முகம் சுருங்கும். "கொண்டு போ" என்பார். நான் படியில் வைத்துவிட்டு ஓடிவந்துவிடுவேன். ஏழு வருடம் இப்படி ஓடியது. அதற்குள் நானும் ஓய்வு பெற்றேன், எனக்கு மாலை போட்டார்கள்.

2014இல் பெரிய வெள்ளிக்கு முந்தின வாரம் போதகர் கூப்பிட்டார். எங்கள் சபையில் அன்று மூன்று மணி நேர ஆராதனை. சிலுவையில் ஆண்டவர் சொன்ன ஏழு வார்த்தைகளையும் ஏழு சபையார் ஆளுக்கொன்றாகப் பேசுவார்கள். எனக்கு எப்போதும் ஐந்தாவது வார்த்தைதான் வரும், தாகமாயிருக்கிறேன். எளிதானது. அந்த வருடம் ஆறாவது வார்த்தை வந்தது. முடிந்தது.

இப்போதைய போதகர் சின்ன வயது, ஆனால் படித்தவர். எனக்குக் குறிப்புச் சொன்னார். "பழைய காலத்து ஆசாரியர்கள் தினமும் நின்றுகொண்டே பலியிடுவார்கள். நாளைக்கும் செய்ய வேண்டும் என்பதால் உட்கார நேரமில்லை. இயேசு ஒரே தடவையில் செய்தார், உட்கார்ந்துவிட்டார். நம்முடைய பாவத்துக்கு வேண்டியது எல்லாம் அங்கே முடிந்தது. நாம் எதையும் சேர்க்க வேண்டாம், சேர்க்கவும் முடியாது. நம்பினால் போதும். இதை உங்கள் அனுபவத்தோடு சொல்லுங்கள்" என்றார்.

அனுபவமாம். சின்ன வயதிலிருந்து கேட்கிற சத்தியம்தான் அது, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அன்று முதல் தடவையாக அது எனக்கு எவ்வளவு ஆபத்தான பேச்சாகத் தெரிந்தது! வேறொருத்தன் எல்லாம் செய்தாயிற்று, நீ நம்பினால் போதும். இப்படிச் சொல்வதைக் கேட்டுத்தான் ஆட்கள் கம்பத்தில் சாகிறார்கள். கண்டீரா என்று கேட்க வேண்டாமா? அந்த ஒரு வாரமும் தாளில் ஒரு வரி எழுத முடியவில்லை. பொன்னப்பனுடைய காரியத்தை ஒழுங்குபடுத்தாமல் இந்த வார்த்தையைப் பேசினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று தோன்றியது. அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். நான் பொய் சொன்னேன், பொன்னப்பன் கேட்டார், அவர் மேல் குற்றமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வியாழக்கிழமை காலையில் கடிதத்தையும் ஒரு பழக்குலையையும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அறுபத்தைந்தை நெருங்கிவிட்ட உடம்பு மெலிந்திருந்தது. கடிதத்தைக் கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தார். அவருக்குக் கோபம் வந்து நான் அப்போதுதான் பார்த்தேன்.

"நான் செஞ்சது பாதியில கெடக்குன்னு நெனைக்கியா நீ?"

"இல்ல அண்ணாச்சி, ஒங்க பேரு…"

"எனக்க பேரு எனக்கறியும். ஏழு வருசமா பழக்கொலையும் கெழங்கும் கொண்டு வந்து வாசல்ல வெச்சிட்டு ஓடுத. ஒவ்வொரு தடவையும் நான் செஞ்சது போராதுன்னுல்லா சொல்லிட்டுப் போற? அது அன்னைக்கே தீந்து போச்சுலே. தீந்ததுல என்னத்துக்கு மறுபடியும் ஏறுத? அப்பிடி ஏறித்தான் சூசைக்குக் கை போச்சு."

சூசை விஷயத்தில் அது முழு நியாயம் இல்லை. அவன் வேலையில் அக்கறைப்பட்டு ஏறினவன். ஆனாலும் எனக்கு அது சரியான இடத்தில் பட்டது. ஏழு வருடமாகத் தொண்டையில் இருந்த கேள்வியைக் கேட்டுவிட்டேன்.

"ஏன் அண்ணாச்சி செஞ்சிய?"

"முதல்ல ஒன்ன அடிச்சுக் கொல்லணும்னுதான் வந்து. பொறவு பாத்தேன். எனக்கு பத்து மாசம், ஒனக்கு ஏழு வருசம். ரெண்டு பேரும் போனா அந்தக் கேங்குல லைன் தெரிஞ்சவன் ஆரு உண்டு? அவ்வளவுதான்." என் முகத்தைப் பார்த்தார். "நம்பலியா? நம்பாட்டா போ."

நம்பவில்லைதான். இவ்வளவு சின்னக் காரணத்துக்கு ஒரு மனிதன் தலையில் மண் வாங்குவானா? ஆனால் வேறு காரணம் ஒன்றும் அவரிடம் இல்லை. எட்டுத் திசையிலும் தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கடிதத்தை நான்காக மடித்து என் சட்டைப்பையில் செருகினார்.

"ஆபீசுல ஒனக்காவ நான் பேசியாச்சு. அது தீந்து. சூசைக்கிட்ட ஒனக்காவ நான் ஒண்ணும் பேசல. அத ஆரும் பேசவும் முடியாது."

பேருந்து ஏறிக் கடற்கரைக்குப் போனேன். மின்வாரியம் சூசைக்கு அலுவலகத்தில் உட்கார்ந்து செய்யும் வேலை கொடுத்திருந்தது. அன்று புனித வியாழன் என்பதால் விடுப்பில் வீட்டில் இருந்தான். மணலில் காயப்போட்ட வலைக்குப் பக்கத்தில் நின்றபடியே சொன்னேன். பொன்னப்பன் கேட்டதையும், நான் "சொன்னான்" என்றதையும், விசாரணையையும், அவன் அம்மா மண் தூற்றியபோது நான் வேலிக்கு வெளியே நின்றதையும், நாளை சபையில் பேசப் போவதையும் ஒன்று விடாமல் சொன்னேன். முடித்ததும் சூசை கேட்டான்.

"செரி அண்ணே. ஒங்க குத்தத்த அவரு ஏத்துக்கிட்டாரு. எனக்க கைய ஆரு ஏத்துக்கிட்டா?"

அந்தக் கேள்வி இன்றைக்கும் என்னிடம்தான் கிடக்கிறது.

"எங்க அம்ம சாவுற வர அந்த மனுசன சபிச்சா. நானும் ஒவ்வொரு நாளும் சபிச்சேன். ஒரு கல்யாண வீட்டுல எதுக்க வந்தாரு, காறித் துப்பினேன். அவரு தொடச்சிட்டுப் போனாரு. அப்பம்கூட ஒரு வார்த்த பறையலியே அவரு." அவன் வலைப்பக்கம் திரும்பிக்கொண்டான். "நீங்க போங்க. இல்லேன்னா நான் எதாவது செஞ்சிருவேன்."

கொஞ்ச தூரம் நடந்ததும் பின்னாலிருந்து கூப்பிட்டான். "நாளைக்கு ஒங்க கோயில்ல என்னமோ பேசப் போறேன்னு சொன்னியளே. எத்தன மணிக்கு?"

பெரிய வெள்ளி அன்று ஆறாவது வார்த்தைக்கு எழுந்து நின்றபோது, கடைசி வரிசையில் சூசை இருந்தான். கத்தோலிக்கப் பையன், சாயங்காலம் அவர்கள் கோயிலில் சிலுவை முத்தம் இருக்கும், அதற்கு முன்னால் இங்கே வந்து, கையில்லாத சட்டைக் கையை மடித்துக் குத்திக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஏழு வருடம் பொன்னப்பனைப் பார்த்த சந்தேகப் பார்வை அது. நான் தயாரித்திருந்ததை எடுக்கவில்லை. இந்தச் சபையின் கன்வென்ஷனுக்கு மின்சாரம் வர வேண்டும் என்பதற்காக ஒருநாள் நான் என்ன பொய் சொன்னேன் என்று சொன்னேன். யார் அதைச் சுமந்தார் என்று சொன்னேன். யாருடைய கை போனது என்று, அவன் இருக்கும் இடத்தைக் காட்டாமல் சொன்னேன். "முடிந்தது என்ற வார்த்தையை ஐம்பது வருடமாகக் கேட்கிறேன். ஒரு நாளும் அதை வாங்கிக்கொண்டதில்லை. வாங்கிக்கொள்ளப் பயமாக இருந்தது. வாங்கினால் என்னிடம் கொடுக்க ஒன்றும் இல்லை என்று ஆகிவிடும்" என்றேன். போய் என் இடத்தில் உட்கார்ந்தேன். போதகர் அவசரமாக ஒரு பாட்டு எண்ணை அறிவித்தார். பாட்டு முடிந்து திரும்பிப் பார்த்தபோது சூசை இல்லை. பாட்டின்போது யாரும் என் பக்கம் திரும்பவில்லை. அதன் பிறகு கமிட்டிக்கு என்னைக் கூப்பிடுவதும் இல்லை.

ஈஸ்டர் அன்று மதியம் சூசை என் வீட்டு வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை. "அவரு வீடு எனக்கு வழி தெரியும். தனியா போக முடியல. வாங்க" என்றான்.

போகும் வழியில் பழக்கடை முன்னால் என் கால் தானாக நின்றது. சூசை என்னைப் பார்த்தான். நான் நடந்தேன்.

பொன்னப்பன் எங்களைப் பார்த்ததும் எழுந்தார். சூசை இருக்கிற கையால் அவர் கால்களைத் தொடக் குனிந்தான். அவர் தோளைப் பிடித்து நிமிர்த்தி, "மழ வருது, உள்ள வா மக்கா" என்றார். அவனோடு நானும் அந்த வீட்டுப் படியை முதல் தடவை தாண்டினேன். கஞ்சியும் பயறும் தேங்காய்த் துவையலும் இருந்தன. மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து குடித்தோம். பாதியில் சூசை என் பக்கம் திரும்பாமலே சொன்னான்: "அவரு விட்டுட்டாருன்னு நானும் விட்டுட்டேன்னு நெனைக்காதீங்க அண்ணே. எனக்கு நாளாவும்." சரி என்றேன். அது அவனுடைய காரியம், அதை அவன்தான் தன் வாயால் சொல்ல வேண்டும்.

குடித்து முடித்ததும் நான் மூன்று தட்டையும் எடுக்கக் கை நீட்டினேன், கிணற்றடியில் கொண்டுபோய்க் கழுவலாம் என்று.

"வெச்சிரு" என்றார் பொன்னப்பன்.

"நான் குடிச்ச தட்ட மட்டுமாவது…"

"வெச்சிருன்னா வெச்சிரு."

வைத்துவிட்டு எழுந்தேன்.